முன் சீட்டில் மகேஸ்வரி

மகேஸ்வரி தன் புருஷனின் ஸ்கூல் வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். பெண்பிள்ளைகள் போகிற வண்டியில் ஒரு பொம்பளை கூடவே இருப்பது எவ்வளவு நல்லது என்று தாராவி கிராஸ் ரோட்டில் அவளை நிறுத்திவைத்துச் சொன்னார்கள். அவள் சிரித்துவைப்பாள். எதற்காக அவள் ஏறுகிறாள் என்பது அவளுக்கும் இசக்கிராஜுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

இசக்கிராஜுக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லியான ஆள். கீழ்த்தாடை சின்னது, உள்வாங்கினாற்போல இருக்கும். அதற்கு ஈடுகட்டுவதுபோல மேலே அடர்ந்த மீசை. பதினோரு வருடமாகத் தாராவியிலிருந்து செம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறான். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடந்த ஒரு வருடமாகத்தான் இப்படி. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைத்தபடியே கண் செருகும். டீக்கடையில் நின்றவாக்கில் தலை தொங்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அடித்துப் போட்டமாதிரி இருக்கிறது என்பான். விடிந்ததும் தலைவலி.

ராத்திரி நடப்பதை அவள்தான் பார்த்தாள். மகன் கல்யாணமாகித் தாணேக்குப் போனபிறகு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு ஒற்றையறைக் கோலியில் அவர்கள் இருவர்தான். இசக்கிராஜின் குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் மட்டும் இழுத்து இழுத்து அசையும், மூச்சு உள்ளே போகாது. அவள் இருட்டில் எண்ணுவாள். இருபது, முப்பது, நாற்பது. அவள் கையை நீட்டும் நேரத்தில், தண்ணீருக்குள் அமுங்கிக் கிடந்தவன் தலையை வெளியே நீட்டினமாதிரி ஒரு பெரிய இழுப்பு. உடம்பு முழுக்க ஒரு துள்ளல். மறுபடியும் குறட்டை. விடியும்வரை இப்படியேதான்.

சொன்னால் கேட்கமாட்டான். “குறட்டை விடாத ஆம்பள உண்டுமா? அதெல்லாம் தொப்பையும் தொந்தியுமா இருக்கவனுக்கு வரது ளா. எனக்கு எங்க இருக்கு தொப்ப?” என்பான். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தூக்கம் சரியில்லை என்பதால்தான் பகலில் சொக்குகிறது என்று அவனாக முடிவுகட்டி, படுப்பதற்கு முன் இரண்டு பெக் போட ஆரம்பித்தான். அவளும் தன் பங்குக்கு மெடிக்கல் கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள். மாத்திரை போட்ட ராத்திரிகளில் அவன் நன்றாகத் தூங்குவதாகத்தான் முதலில் தோன்றியது. அந்த ராத்திரிகளில் அவள் ஐம்பது, அறுபது என்று எண்ண வேண்டியிருந்தது.

ஆகவே அவள் தன் இட்லி மாவு வியாபாரத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, காலை ஆறே காலுக்கு வேனில் ஏறினாள். ‘ம்’ என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பாள். பேச்சு நின்றால் தொடையைக் கிள்ளுவாள். பின்னால் பிள்ளைகள் ஹிந்தியில் கத்திக்கொண்டு வருவார்கள். நாலு மாதம் இப்படி ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சயான் தாண்டி ட்ராம்பே ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் ஒரு பையனுக்குத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கவில்லை. மகேஸ்வரி திரும்பி அதை வாங்கித் திறந்து கொடுத்தாள். அவ்வளவு நேரம்தான்.

“அங்கிள் சோ கயா!”

அங்கிள் தூங்கிவிட்டார் என்று ஹிந்தியில் கத்தியது, வேனில் பிள்ளையை அனுப்பும் பேகம் என்ற பெண்ணின் மகள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண். மகேஸ்வரி திரும்பினாள். இசக்கிராஜின் கண்கள் பாதி திறந்திருந்தன, ஆனால் அவற்றில் ஆள் இல்லை. வாய் தொங்கியிருந்தது. கால் ஆக்ஸிலேட்டரில் அப்படியே கிடந்தது. எதிரே சுமன் நகர் சிக்னலில் ஒரு கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கும், சங்கிலியில் தொங்கிய நம்பர் பலகையும் விறுவிறுவென்று பெரிதாகிக்கொண்டே வந்தன.

அவள் வண்டி ஓட்டக் கற்றவள் இல்லை. ஹேண்ட்பிரேக் எது என்பது மட்டும் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள், கூடவே “ஏங்க!” என்று அலறினாள். வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போனது. இசக்கிராஜ் விழித்து ஸ்டியரிங்கை வெட்டினான். கண்ணாடி நொறுங்கும் சத்தம். நின்றது.

இடதுபுற ஹெட்லைட் லாரியின் இரும்புச் சட்டத்தில் இடித்து உடைந்திருந்தது. இன்னும் ஒரு முழம் உள்ளே போயிருந்தால் மகேஸ்வரியின் முழங்கால். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். பேகத்தின் மகளுக்கு முன் சீட்டுக் கம்பி பட்டு மேலுதடு கிழிந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டுச்சொட்டாக விழுந்தது. மகேஸ்வரி தன் முந்தானையால் அந்த உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

லாரிக்காரன் இறங்கிவந்து கத்தினான். கூட்டம் கூடியது. இசக்கிராஜ் வெளுத்த முகத்தோடு இறங்கி நின்று, “பிரேக் ஃபெயில் ஹோ கயா பாய்” என்றான்.

மகேஸ்வரி அவனைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் பெற்றவர்களிடமும் அவன் அதையேதான் சொன்னான். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டேன், பிரேக் மாற்றியாயிற்று, நாளைக்கு வழக்கம்போல வண்டி வரும். எல்லோரும் நம்பினார்கள். பதினோரு வருடப் பழக்கம். பேகம் மட்டும் மகளின் உதட்டில் போட்டிருந்த இரண்டு தையலைப் பார்த்தபடி, “இவ அங்கிள் தூங்கிட்டாருன்னு சொல்லுதாளே” என்றாள்.

“பயத்துல என்னத்தயாவது சொல்லும் புள்ள” என்றான் இசக்கிராஜ்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மகேஸ்வரி சுவரில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“நாளைக்கு நீங்க ஓட்டக்கூடாது.”

“சாவியக் கொடு ளா.”

“பன்னெண்டு புள்ளைய. நான் திரும்பிப் பாக்காம இருந்திருந்தா? அந்தப் புள்ள கத்தாம இருந்திருந்தா?”

“ஒரு நாள் கண்ணசந்துட்டேன். அதுக்கு?”

“ஒரு நாளா? நாலு மாசமா நான் கிள்ளிக் கிள்ளி உங்க தொடை கன்னிப்போயிருக்கு. என்கிட்டயே ஒரு நாளுங்கிய?”

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். இருபத்திமூன்று வருடத்தில் அவன் அவளை அப்படித் தொட்டதில்லை. சாவியின் முனை உள்ளங்கையில் குத்தியது. அவள் விரலை விரிக்கவில்லை. அவனுக்கே தான் செய்வது தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று விட்டுவிட்டு, “தந்தா, பொழப்பே போயிரும் மகேசு. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் புள்ளையை அனுப்ப மாட்டான்” என்றான்.

“தெரியும்” என்றாள் அவள்.

விடிந்ததும், பிள்ளைகள் வண்டிக்காகக் கூடும் முனைக்கு அவள் தனியாக நடந்து போனாள். அம்மாக்கள் டிபன் பையோடு நின்றார்கள். ஓரிரண்டு அப்பாக்கள் ஸ்கூட்டரில் சாய்ந்திருந்தார்கள். வண்டியைக் காணாமல் இவளை மட்டும் கண்டதும் எல்லோரும் திரும்பினார்கள். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தது அவளுக்கு மறந்துபோயிற்று.

“பிரேக் ஃபெயில் ஆகல” என்றாள். “அவிய தூங்கிட்டாவ. இந்தப் புள்ள சொன்னதுதான் நெசம்.”

அவள் தொடர்ந்தாள். குடித்துவிட்டு ஓட்டவில்லை, ஏதோ நோய், ராத்திரியில் மூச்சு நின்றுநின்று வருகிறது, அதனால் பகலில் தன்னை அறியாமல் தூங்கிவிடுகிறார், டாக்டரிடம் காட்டிச் சரியாகும்வரை அவர் வண்டியைத் தொடமாட்டார். தெரிந்த டிரைவர் ஜஹாங்கீர் பாயிடம் சொல்லியாயிற்று, அவர் இன்னும் கால்மணி நேரத்தில் வந்து ஓட்டுவார்.

பேகம் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். “எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்கா?”

அந்தக் கேள்வி வரும் என்று மகேஸ்வரிக்குத் தெரியும். நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம்.

“நாலு மாசமா.”

“நாலு மாசமா!” ஹரிகிருஷ்ணன் என்ற அப்பா ஸ்கூட்டரை விட்டு எழுந்து வந்தார். “தெரிஞ்சுகிட்டே எங்க பிள்ளைகள ஏத்திட்டுப் போனீங்களா? நீங்க எதுக்கு ஏறுனீங்க, காவலுக்கா? போலீஸ் கம்ப்ளெயிண்ட் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?”

“கொடுங்க. தப்புதான்.”

“நான் உங்கள நம்பித்தான்கா அனுப்புனேன்” என்றாள் பேகம். சத்தம் போடவில்லை. “நீங்க கூட இருக்கியன்னுதான் அனுப்புனேன்.”

தெருவின் வாயில் இசக்கிராஜ் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் திரும்பும்போதுதான் கண்டாள். அவன் எதிர்த்திசையில் நடந்துபோனான்.

அன்றைக்கு ஐந்து குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. பேகம் அதில் ஒருத்தி.

மூன்று நாள் இசக்கிராஜ் வீட்டில் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஜஹாங்கீர் வண்டியை விட்டுப்போனதும் பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டான். சாவி அவளிடம்தான் இருந்தது. ஆனால் வேறு சாவி செய்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? அவளுக்கு இரண்டு பயம். ஒன்று, அவன் வண்டியைக் கிளப்பிவிடுவான் என்பது. இன்னொன்று, அவன் அங்கே தனியாகப் படுத்திருக்கிறான், மூச்சு நின்றால் உலுக்க ஆளில்லை என்பது. ராத்திரியில் இரண்டு தடவை இறங்கிப்போய் வேன் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்பாள். குறட்டைச் சத்தம் கேட்டால்தான் திரும்பிவருவாள்.

நாலாம் நாள் கோவண்டியிலிருந்து சங்கரேஸ்வரியை வரவழைத்தாள். சங்கரேஸ்வரி இசக்கிராஜின் அண்ணன் மாசானத்தின் மனைவி. மாசானம் இரண்டு வருடத்துக்கு முன் நாற்பத்தொன்பதாவது வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனவர். அண்ணி என்றால் இசக்கிராஜுக்கு மரியாதை உண்டு. அவள் வேன் கதவைத் தட்டி, “தம்பி, வீட்டுக்குள்ள வாங்க” என்றதும் வந்தான். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

“நீங்களும் இவளுக்குத்தான பேசப்போறிய மதினி?”

“நான் எனக்குப் பேசப்போறேன்” என்றாள் சங்கரேஸ்வரி.

மகேஸ்வரி கொடுத்த டீயை அவள் தொடவில்லை.

“உங்க அண்ணன் கஷ்டப்படாம போயிட்டாவன்னு எல்லாரும் சொன்னிய. நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டேன். ஒண்ணு மட்டும் நான் யார்ட்டயும் சொல்லல தம்பி. அவியளுக்கும் இதே மாதிரிதான். வருசக்கணக்கா. இழுத்துட்டு இருக்கும்போதே நின்னுபோவும். பொறவு ஒரு தூக்கு தூக்கிட்டு வரும். நான் காதுல துணியச் சுத்திக்கிட்டுப் படுப்பேன். அன்னைக்குச் சத்தம் ரொம்ப. எனக்கு ஒரே எரிச்சல். ஒரு மணி இருக்கும், டக்குன்னு நின்னுச்சு.”

கீழே யாரோ குழாயடியில் பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பாடா, இனியாவது தூங்கலாம்னு நெனச்சேன். தூங்கிட்டேன். அஞ்சு மணிக்குத் தொட்டா சில்லுன்னு இருக்காவ.”

“மதினி...”

“ஹார்ட்டுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. அதுதானோ, இதுனாலதானோ, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முடியாது. ஆனா இவ பக்கத்துல முழிச்சுக் கெடக்கா தம்பி. நான் தூங்கிட்டேன்.”

இசக்கிராஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். முகத்தை மூடியபடியே, “எங்க போணும்?” என்று கேட்டான்.

மாதுங்காவில் டாக்டர் மானசாவின் கிளினிக்குக்குப் போனார்கள். காது மூக்குத் தொண்டை டாக்டர். முப்பத்தைந்து வயதுக்குமேல் இராது. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிராமணப் பெண் என்பது பேச்சில் தெரிந்தது. முதலில் பிரஷர் பார்த்தாள், நூற்றறுபதுக்கு மேல் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்று தாடையைப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்பினாள். மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய குழாய். ஒரு ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு தன் வீட்டிலேயே தூங்கிவிட்டு மறுநாள் கொண்டுவர வேண்டும். அன்றைக்குக் குடியும் மாத்திரையும் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“ஒரு மணி நேரத்துல நாப்பத்தெட்டு தடவ உங்க மூச்சு நின்னிருக்கு, இல்லேன்னா பாதியாக் கொறஞ்சிருக்கு. அஞ்சுக்குள்ள இருந்தா நார்மல். முப்பதுக்கு மேல போனாலே சீரியஸ். அதிகபட்சமா எழுபத்தொரு செகண்ட் நின்னிருக்கு. ரத்தத்துல ஆக்ஸிஜன் எழுபத்திரண்டுக்கு எறங்கியிருக்கு. தொண்ணூறுக்குக் கீழ போகவே கூடாது.”

இசக்கிராஜ் திரையை வெறித்தான். “நான் ஒல்லிதான டாக்டர்?”

“எடை முக்கியமான காரணம். கழுத்துல கொழுப்பு சேந்தா மூச்சு போற வழி நெருங்கிடும். ஆனா அது ஒண்ணுதான்னு யார் சொன்னா? தூங்கறச்சே எல்லாருக்கும் தொண்டைத் தசை தளந்து நாக்கு பின்னால சரியும். உங்களுக்குத் தாடை சின்னது, உள்ள தள்ளியிருக்கு. நாக்குக்கு எடம் போதல. கொஞ்சம் சரிஞ்சாலே அடைச்சுண்டுடும். சின்னக் கொழந்தேளுக்கு டான்சில் வீங்கினா இதேதான் ஆகும். உங்க வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி தாடை உண்டா?”

“அண்ணனுக்கு” என்றான்.

“மூச்சு நின்னதும் மூளை பதறிண்டு உங்கள எழுப்பறது. உங்களுக்கே தெரியாம அரை விழிப்பு. ராத்திரி பூரா இப்படின்னா நீங்க தூங்கவே இல்லேன்னு அர்த்தம். அதான் பகல்ல சொருகறது. பிரஷர் ஏறறதும் இதனாலதான் இருக்கும். தூங்கறதுக்கு ஏதாவது எடுத்துக்கறேளா?”

மகேஸ்வரி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நான்தான் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பெக்கும் உண்டு.”

டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். “இது தசைய இன்னும் தளத்தும்மா. எழுந்துக்கறதையும் தடுக்கும். குடியும் அப்படித்தான். இவர் மாதிரி ஆளுக்கு ரெண்டும் சேந்தா ரொம்ப ஆபத்து.” மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். “தெரியாமத்தானே குடுத்தேள். இன்னியோட நிறுத்திடுங்கோ. வீடியோ எடுத்திருக்கேன்னேளே, காட்டுங்கோ.”

போன் மேஜைமேல் ஓடியது. முதல் முறையாக இசக்கிராஜ் அதைப் பார்த்தான். குறட்டை நின்றது. திரையில் கிடந்தவனின் மார்பு இழுத்தது, வாய் திறந்து மூடியது. இசக்கிராஜின் உதடுகள் அசைந்தன. அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். பெரிய இழுப்பு வந்தபோது நாற்காலியில் அவன் உடம்பும் குலுங்கியது. மனைவியின் பக்கம் திரும்பினான். “தெனமும் இதையா பாத்துக்கிட்டு இருந்த?”

டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. லேசாக இருந்தால் பக்கவாட்டில் படுப்பது, தாடையை முன்னால் தள்ளிவைக்கிற ஒரு பல் கவசம் என்று ஆரம்பிக்கலாம், தாடை எலும்பை நகர்த்தும் ஆபரேஷனும் உண்டு, ஆனால் இந்த நிலைமையில் முதலில் மெஷின்தான் என்றாள். சீபேப் என்று பேர். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும், மெஷின் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தத்தில் தொண்டை மூடாது. முதலில் வாடகைக்கு எடுக்கலாம். தினமும் எத்தனை மணி நேரம் போட்டிருந்தான், எத்தனை தடவை மூச்சு நின்றது என்று மெஷினே பதிவு செய்யும்.

“எத்தன நாள் போடணும்?”

“தூங்கற நாளெல்லாம். இது மூக்குக் கண்ணாடி மாதிரி. போட்டிருந்தாத்தான் தெரியும்.”

“வண்டி?”

“நான் எழுதிக் குடுக்கறவரைக்கும் சைக்கிள்கூட வேண்டாம்.”

மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகேஸ்வரி நினைத்திருந்தாள். முதல் ராத்திரி ஒரு மணிக்கு அவன் மாஸ்க்கைப் பிய்த்தெறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “யாரோ மூஞ்சில தலகாணிய வச்சு அமுக்குத மாதிரி இருக்கு. என்னால முடியாது.” இரண்டாம் ராத்திரியும் அப்படியே. மீசையின் அடர்த்தியில் மாஸ்க் பொருந்தாமல் காற்று ஒழுகிக் கண்ணில் அடித்தது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் ராத்திரி மெஷினைத் தூக்கிக் கதவோரம் வைத்துவிட்டுப் படுத்தான். அரைமணி நேரத்தில் பழைய சத்தம். பழைய நிறுத்தம். மகேஸ்வரி எண்ணத் தொடங்கினாள். ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள்.

“நான் இனி எண்ண மாட்டேன்” என்றாள். “கேட்டியளா? என்னால முடியல. மதினி மாதிரி ஒரு நாள் நானும் தூங்கிருவேன். அன்னைக்கு நீங்க எந்திரிக்கலன்னா அது என் தலையில விடியும். அத எனக்குக் கொடுக்காதிய.”

இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டான். அலமாரியிலிருந்து சவர செட்டை எடுத்துக்கொண்டு மூலையில் தண்ணீர் புழங்கும் மோரி ஓரத்தில் குந்தினான். பத்து நிமிடத்தில் மீசை இல்லாமல் திரும்பிவந்தான். இருபத்திமூன்று வருடத்தில் அவள் பார்த்திராத மேலுதடு, பிள்ளையுடையது போல வெளுத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“மாட்டு” என்று மாஸ்க்கை அவளிடம் நீட்டினான்.

மறுநாள் மெஷின் கம்பெனிப் பையன் வந்து சின்ன மாஸ்க் ஒன்று மாற்றிக் கொடுத்தான், காற்றை ஈரப்படுத்தத் தண்ணீர் டப்பா பொருத்தினான். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகச் சொன்னான். ஒரு மணி, இரண்டரை மணி, நாலு மணி என்று நேரம் கூடியது. கரண்ட் போன ஒரு ராத்திரி இருவரும் விழித்துக்கொண்டு விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழாம் நாள் காலையில் அவன் தானாக ஐந்து மணிக்கு எழுந்து, மாஸ்க் பதிந்த தடத்தோடு அவளைப் பார்த்து, “கனவு வந்துச்சு ளா” என்றான். என்ன கனவு என்று அவனுக்கு நினைவில்லை. கனவு கண்டே வருடக்கணக்காகிறது என்பது மட்டும் நினைவிருந்தது. தலைவலி இல்லை. அன்று சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிவைத்தான்.

ஏழு வாரம் கழித்து டாக்டர் மெஷினின் பதிவைப் பார்த்தாள். ராத்திரிக்குச் சராசரி ஆறு மணி நேரம். மூச்சு நிற்பது மணிக்கு மூன்று. பகலில் தூக்கம் வருகிறதா என்று துருவித்துருவிக் கேட்டாள், அவனிடம் கேட்டதையே தனியாக மகேஸ்வரியிடமும் கேட்டாள். பிறகுதான் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு ராத்திரி மாஸ்க் போடாவிட்டால் மறுநாள் வண்டியை எடுக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதினாள்.

இசக்கிராஜ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். மகேஸ்வரி கூடப் போகவில்லை, இது அவன் சொல்ல வேண்டியது. பிரேக் என்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். எட்டுப் பிள்ளைகள் வருவதாக ஆயிற்று. ஹரிகிருஷ்ணன் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு மகனை அனுப்பச் சம்மதித்தார். பேகம் சம்மதிக்கவில்லை. மறுநாள் மாவு வாங்க வந்தபோது அவளே சொன்னாள்.

“உங்க மேல கோவம் இல்லக்கா. அன்னைக்கு நீங்க வந்து சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா மனசு வரல. அவ பஸ்லயே போகட்டும்.”

“சரி” என்றாள் மகேஸ்வரி. “மாவு புளிக்கலை, நாளைக்கு ஊத்துங்க.”

திங்கட்கிழமை காலை இசக்கிராஜ் வண்டியைக் கிளப்பினான். மகேஸ்வரி ஏறவில்லை. ஏறட்டுமா என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். வேன் தொண்ணூறடி ரோட்டில் திரும்பும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாசற்படியில் போனோடு உட்கார்ந்தாள். ஆறு நாற்பது. இப்போது சயான். ஆறு ஐம்பது. இப்போது சுமன் நகர். ஏழு மணி ஆயிற்று, ஏழு பத்து ஆயிற்று. வழக்கமாக ஏழு ஐந்துக்குப் பள்ளிக்கூடம் வந்துவிடும். பக்கத்துக் கோலியில் யாரோ பேசினார்கள், அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஏழு பதினெட்டுக்குப் போன் அடித்தது.

“எறக்கி விட்டாச்சு. அமர் மஹால்ட்ட டிராபிக், அதான்.”

“கண்ணு?”

“முழிச்சுத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியா?”

அவள் பதில் சொன்னாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. உள்ளே போனாள். ஊறின அரிசி கிரைண்டருக்காகக் காத்திருந்தது. பத்து மணிக்குள் அரைத்தால்தான் மத்தியானம் விற்க முடியும். ஐந்து நிமிடம் என்று நினைத்துப் பாயில் முதுகைச் சாய்த்தாள். ஒரு வருடமாக ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த உடம்பு அது. இசக்கிராஜ் திரும்பிவந்து கதவைத் தட்டினான், பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் வாயைத் திறந்து போட்டுக்கொண்டு, சீராக மூச்சு விட்டபடி, பகல் வெளிச்சத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.